வாசற்படி மிதிக்காத மாப்பிள்ளைக்குத் தோப்பில் கறிச்சோறு

1

காலை பத்து மணி ஐந்து நிமிடம். காரிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் பனியன். அதன் முதுகில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பானை, பானைக்குக் கீழே ஆங்கில எழுத்துகளில் ‘தோப்பு சாப்பாடு’. மரம் முந்திரி மரமாம். வரைந்தவர் முந்திரி மரத்தைப் பார்த்ததில்லை. அது குடையைப் போல நேராக நின்றது.

பனியனுக்குள் இருந்தவர் குணசேகரன், என் அத்தை மகள் மலர்விழியின் கணவர். கேஸ் அடுப்பின் முன் இடுக்கியோடு நின்று ஒரு கோழிக்காலைப் புரட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்கு வெந்நீர் வைத்துக்கூடப் பழக்கமில்லை. அடுப்பை வெட்டவெளிக்குக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் ஆண்களுக்குச் சமையல் வந்துவிடுகிறது. இதை இரண்டு கண்டங்களில் பார்த்துவிட்டேன்.

இடம், டொராண்டோவுக்கு மேற்கே ஒரு புறநகரின் நகராட்சிப் பூங்கா. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. வெயில் அடித்தால் இறைச்சியை வெளியே கொண்டுபோய்ச் சுடுவது இந்த நாட்டு வழக்கம். நம்மவர்கள் வந்து இறங்கிய மறு கோடையிலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் இது ஒன்றுதான். வாசலில் விழுந்த பனியை வாரும் வழக்கம் பத்து வருடமானாலும் வருவதில்லை.

“வாங்க அண்ணி, லேட்டு. ஒன்பதரைக்கே வரச் சொன்னேன்ல” என்றாள் மலர்விழி. என் அப்பாவின் தங்கை மகள். என்னைவிடப் பதினோரு வயது இளையவள், அறுபதை நெருங்குகிறாள். அவளும் மஞ்சள் பனியன் போட்டிருந்தாள். எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். எனக்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

2

பூங்காவில் அடுப்பு மூட்ட அனுமதி வேண்டும். என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்றெல்லாம் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சியின் தன்மை என்ற இடத்தில் மலர்விழி ‘மூதாதையர் மரபு’ என்று எழுதியிருந்தாளாம். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த நாட்டில் மரபு என்று எழுதினால் மறுகேள்வி கிடையாது.

பதினொன்றரைக்குப் பூங்கா ஊழியரின் பச்சைச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் அளவு நாடாவோடு வந்தாள். அடுப்பு மரத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்றாள். அளந்தாள். நான்கு பேர் சேர்ந்து அடுப்பைத் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் அளந்தாள். பொறுப்பாளர் யார் என்று கேட்டாள். குணசேகரன் மலர்விழியைக் காட்டினார். மலர்விழி தன் மகன் அருணைக் காட்டினாள், விண்ணப்பம் அவன் பெயரில் இருந்தது. அருண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, இறைச்சி சாப்பிடாதவர்களுக்காக அவனே கொண்டுவந்த சோயா சாசேஜ்களைத் தனி வலைத்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அத்தை, நீங்க சாப்ட்டியா?” என்றான். பாதி மரியாதை நின்றது, பாதி போய்விட்டது. நல்ல பையன். அவனுக்குத் தெரிந்த தமிழ் வாக்கியங்கள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை.

அந்தப் பெண் அளந்து முடிக்கும்வரை நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோப்பில் அடுப்புக்கும் மரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்ததில்லை. மாப்பிள்ளைக்கும் வாசற்படிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள்.

3

இந்த வருடம் விசேஷம் ஒரு புத்தகம். குடும்பத்தின் கோடைச் சமையல் குறிப்புகளைத் தொகுத்து மலர்விழி அச்சடிக்கப் போகிறாள். முன்னுரையைக் கைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினாள்.

“எங்கள் முன்னோர் இயற்கையை நேசித்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் குடும்பம் முழுவதும் முந்திரித் தோப்பில் கூடி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் அமர்ந்து, மனம் விட்டுச் சிரித்து உண்டார்கள்.”

சென்னையில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தியவள் நான். பழக்கம் போகவில்லை. முன்னோர் இல்லை, என் அப்பாவும் அவள் அப்பாவும்தான். இயற்கை இல்லை. ஒவ்வொரு கோடையும் இல்லை, அறுபதுகளின் நடுவில் மூன்று கோடை. சிரிப்பு இல்லை. அடுப்பு மட்டும் சரி.

“நீங்கதான் அண்ணி அப்ப நேர்ல இருந்தவங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, மலரும் நினைவுகள் மாதிரி. கறிக் கொழம்பு ரெசிப்பியும் ஒரு தடவ பாத்துக் குடுங்க.”

பார்த்தேன். தலைப்பு ‘தாத்தா ஸ்பெஷல் தோப்புக் கறி’. அருகில் அவள் அப்பா, அதாவது என் சிதம்பரம் மாமா, பெரிய கரண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அது அவருடைய பாத்திரக் கடையின் காலண்டருக்காக எடுத்தது. கரண்டி விற்பனைக்கு இருந்தது. அதைக் குழம்புக்குள் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

செய்முறையில் உறைந்த ஆட்டிறைச்சி, பாக்கெட் முந்திரி, டின் தேங்காய்ப்பால், இரண்டு கரண்டி பார்பிக்யூ சாஸ். சாஸ் எதற்கு என்றேன். “புகை வாசனைக்கு” என்றாள்.

கடலூர், பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் குழம்புக்கு வேண்டியது பச்சை முந்திரி. கொட்டை முற்றுவதற்கு முன் பறித்து, இரண்டாக வகிர்ந்து, உள்ளே இருக்கும் இளம் பருப்பைக் குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். ஓட்டின் பால் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும், அதனால் முதலில் கையில் சாம்பல் பூசிக்கொள்ள வேண்டும். எடுத்த பருப்பை வெந்நீரில் போட்டால் மேல்தோல் கழன்றுவரும். ஈயம் பூசிய பித்தளை அண்டாவில் நல்லெண்ணெய் விட்டு, பட்டை சோம்பு தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தை முழுதாகவே வதக்கி, கறியையும் குழம்புத்தூளையும் போட்டுப் புரட்ட வேண்டும். கறி முக்கால் வெந்த பிறகுதான் பருப்பு. முன்னால் போட்டால் கரைந்து கஞ்சியாகும். கடைசியில் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றி ஒரு கொதி. விறகு, தோப்பில் காய்ந்து விழுந்த முந்திரிக் கிளை. புகை வேண்டிய மட்டும் வரும். சாஸ் தேவைப்பட்டதில்லை.

இதைச் செய்தவள் என் அம்மா. கை உரிந்ததும் அவளுக்குத்தான். மூன்று வருடமும் மறுவாரம் அவள் சோறு பிசையக் கரண்டி உபயோகித்தாள்.

4

தோப்புக்கு ஏன் போனோம் என்பது ஒரு தலைதீபாவளியில் தொடங்குகிறது.

அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் எழுத்தர். பெற்றோர் இருவரும் போய்விட்டதால் தங்கை தனலட்சுமிக்கு, எங்கள் தனம் அத்தைக்கு, அப்பாவின் வீடுதான் தாய்வீடு. அத்தையைச் சிதம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்தார்கள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். பகல் சாப்பாட்டுக்கு ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். விருந்தாளி சாப்பிட்டு முடித்துக் கையெடுக்கும்வரை பந்தியில் மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது. இலை காலியானாலும் கை காய உட்கார்ந்திருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி.

அன்று கடலில் புயல் சின்னம். பண்டிகை நாளிலும் கலெக்டர் ஆபீஸ் திறந்திருந்தது. மாப்பிள்ளை ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பியூன் வந்து நின்றான்.

“சார், பீரோ சாவி ஒங்ககிட்ட இருக்குதாம். ஹெட்கிளார்க் ஒடனே வரச் சொன்னாரு.”

அப்பா எழுந்துவிட்டார். சாவியை எடுத்து அவனிடம் எறிந்திருக்கலாம். அம்மா எடுத்துக் கொடுத்திருப்பாள். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. ஹெட்கிளார்க் என்ற சொல் காதில் விழுந்தால் முழங்கால் தானாக நிமிர்கிற உத்தியோகம் அவருடையது. கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

மாப்பிள்ளை இலையில் கைவைத்தபடி இருந்தார். பிறகு சொன்னார். “பியூன் வந்தா எழுந்திரிக்கிறவரு, நாளைக்கு கலெக்டர் வந்தா என் எலையவே எடுத்துடுவாரு. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல. ஏய் தனம், கெளம்பு. எனக்கில்லாத வாசல் ஒனக்கும் கெடையாது.”

அத்தை புதுப்புடவையோடு பின்னால் போனாள். புயல் வடக்கே எங்கோ போய்விட்டது. கடலூரில் தூறல்கூட இல்லை.

5

சமாதானம் பேசப் பலபேர் போனார்கள். மாமா இறங்கிவரவில்லை, ஆனால் கறிச்சோற்றை விடவும் மனமில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னார், வாசற்படியே இல்லாத இடத்தில் சமைத்துப் போட்டால்?

அப்பா முதலில் தேவனாம்பட்டினம் கடற்கரையைச் சொன்னார். அது கடலூருக்குள் வருகிறது என்று சிதம்பரத்திலிருந்து பதில் வந்தது. வாசற்படி தெருவாகி, தெரு ஊராகிவிட்டது. பிறகுதான் பண்ருட்டியை ஒட்டி அண்ணாகிராமம் பக்கம் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் நடேசனின் முந்திரித் தோப்பு முடிவாயிற்று. சித்திரை மாதம், எங்களுக்குப் பள்ளிக்கூட லீவில் ஒரு ஞாயிறு.

சிதம்பரத்திலிருந்து பண்ருட்டிக்குப் போகும் ரயில் கடலூர் வழியாகத்தான் போகும். மாமா எங்கள் ஊரைத் தாண்டிப் போய் எங்கள் சோற்றைச் சாப்பிட்டார். நாங்கள் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் அதே ரயிலில் ஏறுவோம், வேறு பெட்டியில். பெட்டி மாறி ஏறிவிடக் கூடாதென்று அப்பா பிளாட்பாரத்தில் முன்னும் பின்னும் ஓடுவார். ஜன்னலில் அத்தையின் முகம் தெரியும். அவள் கையை அசைக்க மாட்டாள். பண்ருட்டியில் இறங்கியதும் அப்போதுதான் சந்தித்ததுபோல, “வாங்க மாப்ள, பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?” என்று அப்பா கேட்பார். “ஒரே கூட்டம்” என்பார் மாமா. இரண்டு பேரும் ஒரே என்ஜினின் கரியை முகத்தில் துடைத்துக்கொள்வார்கள்.

அண்டாவும் கரண்டியும் மாமாவின் கடையிலிருந்து வரும். புதிதாக வந்து, புளிபோட்டுத் தேய்த்தபின் திரும்பிப்போய், மறுபடியும் புதிதாக விற்கப்படும். அம்மா அவருக்காகவே சிதம்பரத்துக்குப் பேர்போன கத்திரிக்காய் கொத்சும் செய்வாள். “எங்க ஊரு கொத்சு மாதிரி இல்ல” என்று மூன்று வருடமும் சொன்னார். மூன்று வருடமும் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

அத்தைக்கு அது வருடத்தில் ஒருநாள் தாய்வீடு. மரத்தடியில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி வகிர்வாள். பேச்சு வேகமாக இருக்கும். வருடம் முழுவதையும் மாலை ரயிலுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். கல்யாணமான பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நம் பக்கத்து முறை. ஆடியில் பிரித்து வைத்தால் சித்திரையில் பிள்ளை பிறக்காது, சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அத்தையை அழைத்துவர வாசல் இல்லை. எந்த ஆடிக்கும் அவள் வரவில்லை.

6

மூன்றாவது வருடம் அத்தை நிறைமாதமாக ரயிலிலிருந்து இறங்கினாள். சித்திரைதான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். அதற்கு மாமா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வளைகாப்புக்கே அவர் விடவில்லை. இந்தத் தோப்பிலிருந்து நேரே கடலூருக்கு அழைத்துப் போய்விடுவது என்று அம்மா மாற்றுப்புடவை முதற்கொண்டு எடுத்து வைத்திருந்தாள். வண்டியில் ஏறும்போதே அத்தை அம்மாவிடம் கேட்டாள், “அண்ணி, இன்னிக்கி என்ன விடுவாருங்களா?”

சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமாவின் எதிரில் நின்றார். தங்கையின் கணவர், வயதில் சிறியவர்.

“மாப்ள, தனத்த பிரசவத்துக்கு அழச்சிக்கினு போறோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“மொதல்ல எல போடச் சொல்லுங்க. சாப்ட்டு முடிச்சிட்டு சொல்றேன்.”

முடிச்சிட்டு என்பதை அவர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்.

ஆண்கள் ஏழு பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். இந்த முறை எது நடந்தாலும் முதலில் எழுந்திருப்பதில்லை என்று அப்பா தீர்மானம் செய்திருந்தார். மாமாவுக்கு அது தெரியும். சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். எலும்பை ஒவ்வொன்றாகத் தட்டி உறிஞ்சினார். கொத்சு கேட்டார். “எங்க ஊரு மாதிரி இல்ல” என்றார். மறுபடியும் கொத்சு கேட்டார். மற்ற ஆறு இலைகளும் காலியாகி ஓரம் சுருண்டன. ஆறு வலது கைகளும் காய்ந்தன. யாரும் அசையவில்லை.

பெண்கள் சாப்பிடவில்லை. ஆண்கள் எழுந்தால்தான் பெண்களுக்கு இலை. நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பேச்சை நிறுத்தியதைக் கவனித்தேன். முந்திரி மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி. இடுப்பு.”

அம்மா அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். எழுந்து பந்திக்குப் போனாள்.

“என்னாங்க, தனத்துக்கு வலி எடுத்துடிச்சி. வண்டி கட்டணும்.”

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவின் இலையைப் பார்த்தார். இலையில் சோறு இருந்தது.

மாமா சொன்னார், “மொதப் பிரசவம், ஒடனே ஒண்ணும் ஆயிடாது. மோரு வர்லயே இன்னும்.”

நடேசன் எழுந்திருக்கப் பார்த்தார். அப்பா இடது கையால் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். மரத்தடியிலிருந்து அத்தையின் சத்தம் வந்தது. ஏழு பேருக்கும் கேட்டது. எழுந்தால் மாப்பிள்ளையை அவமதித்ததாகும் என்று ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தால் தோற்றதாகும் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா இந்த முறை தீர்மானத்தை நிறைவேற்றினார். அவர் வாழ்க்கையில் நிறைவேற்றிய தீர்மானம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அம்மா மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊற்றப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செம்பை மண்ணில் வைத்தாள். குனிந்து, மாமா கைவைத்திருந்த இலையை இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்து எடுத்தாள். மடிக்கவில்லை. சோறும் எலும்பும் கொத்சுமாக அப்படியே கொண்டுபோய், காலையிலிருந்து காத்திருந்த தோப்பு நாயின் முன்னால் வைத்தாள்.

“சாப்ட்டாச்சி. எல்லாரும் எந்திரிங்க.”

எழுந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். யார் முதலில் எழுந்தார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடி எழுந்தார்கள்.

7

பண்ருட்டி ஆஸ்பத்திரியில் அன்று விளக்கு வைக்கும் முன் மலர்விழி பிறந்தாள். வராந்தாவில் நின்ற மாமா குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணா? அதுவும் சித்திரையில. எல்லாம் ஒங்க வீட்டு சோறு பண்ற வேல” என்றார்.

“ஆடிக்கு அனுப்பியிருந்தா சித்திரையில ஏன் பொறக்குது?” என்றாள் அம்மா.

மாமா வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர்கள் கணக்குக் கேட்டால் பெரும்பாலும் இடம் மாறி நிற்பார்கள்.

மூன்றாம் நாள் அம்மா வாடகைக் கார் பிடித்து அத்தையையும் குழந்தையையும் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அத்தை வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். நாற்பது நாள் இருந்தாள். அம்மா அவளுக்கு எல்லாருக்கும் முன்னால் சோறு போட்டாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து காத்திருந்தார். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று மாமா தெருவில், எதிர்ச்சாரி மின்கம்பத்தடியில் நின்றார். பிள்ளையைத் தெருவைக் கடந்து தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் காட்டினார்கள். நாற்பதாம் நாள் அதே கம்பத்தடியிலிருந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சித்திரையில் தோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. “மாப்பிள்ளைக்கு யாவாரம் ஜாஸ்தி” என்று அப்பா ஆபீஸில் சொல்லிக்கொண்டார். அத்தை அந்த வீட்டுக்கு அதன்பிறகு ஒரே முறை வந்தாள், அப்பா இறந்தபோது. மாமாவும் வந்தார். சாவு வீட்டில் ஆண்கள் தெருவில் பந்தல் போட்டுத்தான் உட்காருவார்கள். அன்று மட்டும் அவருடைய சபதம் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

8

இதையெல்லாம் பூங்கா பெஞ்சில் வைத்து மலர்விழியிடம் சொன்னேன். கோழிக்கால் கருகும் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்பாவுக்குக் கோவம் ஜாஸ்திதான். ஆனா அதெல்லாம் எதுக்கு அண்ணி? புள்ளைங்க படிக்கிற புக்கு. பாசிடிவ்வா ஏதாச்சும் எழுதுங்களேன்.”

“கொட்டைய வகிர்றதுக்கு முன்னால கையில சாம்பல் பூசிக்கணும்னு எழுதிக்க. அது பாசிடிவ்தான்.”

“இங்க சாம்பலுக்கு எங்க போறது? இது கேஸ் அடுப்பு.”

இரண்டு மணிக்கு அவள் சிதம்பரத்துக்குக் கைபேசியில் அழைத்தாள். அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அங்கே இரவு பதினொன்றரை, தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பியிருந்தார்கள். மலர்விழி கைபேசியைச் சுழற்றிக் கூட்டத்தைக் காட்டினாள். மஞ்சள் பனியன்கள் காகிதத் தட்டுகளோடு அங்கங்கே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

“பாரும்மா, தோப்பு சாப்பாடு! எல்லாரும் ஒண்ணா!”

“ஏண்டி எல்லாம் நின்னுக்கினே சாப்புடறாங்க?”

“இங்க அப்படித்தாம்மா.”

அத்தை முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். “நல்லதுதான். நின்னுக்கினே சாப்ட்டா யாரும் எந்திரிக்க வேணாம்” என்றாள்.

மலர்விழி சிரித்தாள். அம்மாவுக்குத் தூக்கக் கலக்கம் என்றாள். கைபேசியை என்னிடம் கொடுத்தாள். அத்தை என்னை உற்றுப் பார்த்து, “நீ ஒக்காந்துதான சாப்ட்ட?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எச்சில் தட்டுகளை அதற்கென்று இருக்கும் தொட்டியில் போட வேண்டும், எலும்பை இன்னொரு தொட்டியில். எந்த நிறத் தொட்டியில் எது என்று குணசேகரனும் அருணும் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டேன். மலர்விழி கார் வரை வந்தாள்.

“கடலூர் வீட்ட வித்தீங்கல்ல, அந்த எடத்துல இப்ப பெரிய ஓட்டல் இருக்குது அண்ணி. அப்பாவுக்கு அந்தக் கடைன்னா ரொம்பப் புடிக்கும். கடலூர் பக்கம் போனா அங்க போயி பிரியாணி சாப்புடுவாரு. நான் ஊருக்குப் போனப்ப ரெண்டு தடவ நானே அழச்சிக்கினு போயிருக்கேன்.”

“அத்தை?”

“அம்மா உள்ள வர்ல.”

வீட்டை விற்றபோது வாங்கியவர் சுவர்களை இடித்தார். வாசற்படிக் கல்லை மட்டும் பெயர்க்கவில்லை. நல்ல கருங்கல் என்று ஓட்டல் நுழைவாயிலுக்கு அதையே வைத்துக்கொண்டார். மாமா இரண்டு முறையும் அதன் வழியாக உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடித்து வரும்வரை அத்தை இரண்டு முறையும் வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள்.